உள்ளுக்குள் என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

சொல்லக்காவிடம் எதை நீட்டினாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது ‘வேண்டாம்’தான். காபி வேண்டாம், நாற்காலி வேண்டாம், கொட்டுகிற மழையில் குடை வேண்டாம். அதை நம்பி யாராவது குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டால், நனைந்தபடி நின்று, ‘என்ன மனுஷன் இவன், இன்னொரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவான்?’ என்று கரித்துக்கொட்டுவாள். அவள் வளர்ந்த வீட்டில் அதுதான் முறை. கொடுப்பவர் வற்புறுத்த வேண்டும், வாங்குபவர் மறுக்க வேண்டும், கடைசியில் ‘நீங்க இவ்வளவு சொல்றதால’ என்று பெரிய மனது பண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் கேள்விக்கே கையை நீட்டுகிறவர்களை அந்த வீட்டில் ‘அலையறதுங்க’ என்பார்கள். ஆறு வயதில் அவளும் ஒரு தடவை அப்படி அலைந்து, விருந்தினர் போனபின் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்தப் பழக்கத்தோடுதான் அவள் புதன்கிழமை காலை முதலாளியின் அறைக்குள் போனாள்.

முதலாளி பள்ளிக்கூடக் கைடுகள் அச்சிட்டு விற்கிறவர். கைடுதான் சோறு போடுகிறது. மூன்றாவது மாடியில் ஓர் அறையை ஒதுக்கி, மாணவர்களுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றையும் தயாரிக்க வைத்திருக்கிறார். அது அவருடைய அப்பா ஆரம்பித்து வைத்த வேலை. நடுவில் நிறுத்தினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஓடுகிறது. அட்டையின் நிறத்தைத் தவிர அந்த அகராதியில் வேறு எதிலும் அவர் மூக்கை நுழைப்பதில்லை.

அந்த அறையில் எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்று சொல்லக்காவுடையது. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும், கட்டடத்தில் யாருக்கு எந்தச் சொல்லில் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் ஓடிவருவார்கள் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எதிர் மேசைக்காரர் அவளைவிட மூன்று நான்கு வயது இளையவர். எழுதும்போது கண்ட இடத்திலெல்லாம் கமா போடுவார், பேசும்போதும் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு விடுவார். அதனால் அவர் காற்புள்ளி. அந்த அறைக்கு அப்பால் கண்ணாடித் தடுப்புக்குள் ஆசிரியரம்மா. இரண்டு மேசைகளும் அவருக்குக் கீழே. அவர்தான் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அறுபது வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீச்சலுடைகூட வாங்கியாகிவிட்டது.

“உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இனி ஆசிரியர்,” என்றார் முதலாளி, அவளையும் காற்புள்ளியையும் பார்த்து. “ஆசிரியரம்மாவைக் கேட்டேன். ரெண்டு பேருமே தங்கம்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டாங்க. மேடம், நீங்கதான் சீனியர். உங்களுக்கு வேணுமா?”

“ஐயோ, எனக்கெதுக்கு சார் அதெல்லாம்? தம்பியே இருக்கட்டும்.”

“அப்படியா? சரி. சார், உங்களுக்குச் சம்மதமா?”

காற்புள்ளி தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார். “சம்மதம், சார்,” என்றார்.

“ரொம்ப நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடலாம். இப்ப இதைப் பாருங்க. அட்டைக்கு இந்த நீலமா, அந்த நீலமா?”

அவ்வளவுதான். விஷயம் முடிந்துவிட்டது. முதலாளி பிறந்த வீட்டில் பிள்ளைகள் நிறையப் பேர். தட்டு காலியாவதற்குள் எடுத்துக்கொண்டவனுக்குத்தான் சாப்பாடு. ஒருத்தர் வேண்டாம் என்றால் அவருக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்றுதான் அந்த மனிதருக்குத் தெரியும். சொல்லக்கா இரண்டு நீலங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

உண்மை என்னவென்றால், அவளுக்கு அந்த வேலை வேண்டும். சாதாரணமாக இல்லை, உயிரைக் கொடுத்தாவது வேண்டும். அந்த அகராதி எப்படி இருக்க வேண்டும் என்று பேருந்தில் யோசிப்பாள், குளிக்கும்போது யோசிப்பாள். யாரும் இப்போது சொல்லாத பொருள்களைத் தூக்கி எறிய வேண்டும், பிள்ளைகள் செல்போனில் தினமும் பார்க்கிற சொற்களைச் சேர்க்க வேண்டும், விளக்கத்தை வாசிக்க இன்னொரு அகராதி தேவைப்படக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசையை எந்தச் சுவரோரம் போடுவது என்பதுவரை அவள் தீர்மானித்து வைத்திருந்தாள். இதில் ஒரு வார்த்தைகூட வேறு யாருக்கும் தெரியாது.

வேறு யாருக்கும் என்றால், புருஷனைத் தவிர. அவர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கதவு பொருத்துகிறவர். அன்று மாலை அவர் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கதையைக் கேட்டார்.

“வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன, பூட்டா போட்டிருந்தே?”

“எடுத்ததும் எப்படிங்க சொல்றது? இன்னொரு தடவை கேப்பார்னு பார்த்தேன்.”

“ஏன் கேக்கணும்? அவருக்கு வேற வேலை இல்லையா?”

“நீங்க மட்டும் ரெண்டாவது தடவை கேட்டீங்களே.”

அவர் சிரித்துவிட்டார். அது பழைய கதை. அவளுடைய அப்பா வீட்டில் வாசற்கதவு மாற்ற வந்தவர், வேலை முடிகிற நாளில் நேராக அவளிடமே வந்து, “உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசையா இருக்கு, உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார். அவள் பழக்க தோஷத்தில் “அதெல்லாம் வேண்டாங்க” என்றாள். மனிதர் “சரிங்க” என்று சாமானை மூட்டை கட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அவள் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அவர் வந்து கதவைத் தட்டினார், டிரில் மெஷினை மறந்துவிட்டுப் போயிருந்தாராம். மெஷினைக் கையில் கொடுத்துக்கொண்டே அவள், “வேற ஒண்ணும் கேக்கணுமா?” என்றாள். அவர் கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் புரிந்துகொண்டார்.

“எல்லாரும் டிரில் மெஷினை மறந்துட்டுப் போக மாட்டாங்கம்மா,” என்றார் அவர். “நாளைக்குப் போய்ச் சொல்லிடு.”

“சொன்ன வார்த்தையை எப்படி மாத்திப் பேசறது? அந்தத் தம்பி என்ன நினைப்பான்? ஆசைப்பட்டுப் பறிச்சுக்கிட்டாங்கன்னு நினைக்க மாட்டானா?”

“அப்ப சும்மா இரு.”

அவள் சும்மாவும் இருக்கவில்லை. சமையலறையில் பாத்திரங்களை வைத்த வேகத்தில் எதிர் வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

வியாழக்கிழமை அவள் மேசைக்கு ‘இன்வர்ட்’ வந்தது. அகராதி அப்போது ஆங்கிலத்தின் ஒன்பதாவது எழுத்தான ‘ஐ’யில் இருந்தது. எழுத்தின் பெரும்பகுதி முடிந்து, இந்தச் சொல்லும் அதன் உறவுக்காரச் சொற்களும்தான் பாக்கி. வேலை அவளுக்குப் பிடித்த வேலை, கையில் வந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது. இன்வர்ட், அதாவது உள்நோக்கி. ஒரு திசை. கதவுக்காரர் பெண்டாட்டிக்கு எடுத்துக்காட்டுக்கா பஞ்சம்? ‘அரங்குகளின் வாசற்கதவுகள் உள்நோக்கித் திறக்கக் கூடாது.’ ஆபத்து என்றால் கூட்டம் முண்டியடித்து வரும், அப்போது கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்று அவர் இராப்பகலாகச் சொல்வது. எழுதிவிட்டாள்.

அடுத்தது ‘இன்வர்ட்லி’. அது கொஞ்சம் வம்பு பிடித்த சொல். கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனிதர்களுக்கு மட்டும் வருவது. ‘வெளியே தெரியாதபடி, உள்ளுக்குள்’ என்று பொருள் எழுதினாள். முகம் ஒன்றைச் சொல்ல, மனம் அதற்கு நேர்மாறாக இருக்கும்போது இந்தச் சொல் வரும் என்று சேர்த்தாள். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்து, பயன்பாட்டுக் குறிப்பு ஒன்றும் போட்டாள்: ‘ஒருவர் தன்னைப் பற்றி, அந்த நேரத்திலேயே, இந்தச் சொல்லை அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அது உள்ளுக்குள் இல்லை.’ வாசித்துப் பார்த்தாள். ரொம்பத் திருப்தியாக இருந்தது. தன் முதுகில் தானே தட்டிக்கொள்ள முடியாது என்பதால் ஒரு குவளை தண்ணீர் குடித்தாள்.

பாக்கி இருந்தது எடுத்துக்காட்டு வாக்கியங்கள் மட்டும். அது அவளுக்கு ஊதித் தள்ளுகிற வேலை. சரசரவென்று மூன்றை எழுதி, காற்புள்ளியின் மேசைமேல் இருந்த தாள் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

எடுத்துக்காட்டுகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அகராதிக்காரர்கள் நாள் முழுக்க, ஊர்பேர் இல்லாத யாரோ ஒரு ‘அவன்’, ஒரு ‘அவள்’ என்ன செய்தார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறவர்கள். அந்த அவனும் அவளும் எங்கிருந்து வருகிறார்கள் என்று அவர்கள் நினைப்பதேயில்லை. காற்புள்ளி வீடு கட்டியது எட்டாவது எழுத்தின்போது. அந்த எழுத்து முழுக்கக் கொத்தனார் நேரத்துக்கு வரமாட்டார், கூரை ஒழுகும், மேஸ்திரி கொடுத்த வாக்கு வெற்று வாக்காக இருக்கும். அதற்கு முந்தைய எழுத்தில் ஆசிரியரம்மாவுக்குப் பல்வலி. சிரிப்பைக் குறிக்கிற சொல்லுக்குக்கூட ‘அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை’ என்றுதான் எழுதியிருந்தார். எழுதும்போது எழுதுகிறவருக்குத் தெரியாது. வாசிக்கும்போது கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். கீழே அச்சுக்கூடத்தில் தாள்களைப் புரட்டிப் பார்த்து, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேசிக்கொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை தேநீர் வேளையில் அந்த வாரத்து வாக்கியங்களை உரக்க வாசிப்பார்கள். எழுதினவர் வாசிக்கக் கூடாது. அவர் ஏற்ற இறக்கம் கொடுத்து ஓட்டைகளைப் பூசி மெழுகிவிடுவார். எதிர் மேசைக்காரர்தான் வாசிக்க வேண்டும். ஆசிரியரம்மாவோடு, கணக்குப் பிரிவு மேடமும் டிரைவரண்ணனும் கேட்பார்கள். கேட்கிறவர் ஏதாவது கேள்வி கேட்டால் வாக்கியம் சரியில்லை என்று பொருள். வாசித்தவர் சிவப்புப் பென்சிலால் அங்கேயே அடித்துவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை தேநீர் சூடாக இருந்தது. கணக்கு மேடம் ஊதிக்கொண்டிருந்தார். அரங்கக் கதவு தடையில்லாமல் பாஸானது. காற்புள்ளி அடுத்த தாளை எடுத்தார்.

“உள்ளுக்குள்,” என்று வாசித்தார். “ஒன்று. ‘எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். உள்ளுக்குள், அவளுக்குக் கை வலித்தது.’”

“கை வெளியதானே இருக்கு?” என்றார் டிரைவரண்ணன்.

“கேள்வி. அடிங்க,” என்றார் ஆசிரியரம்மா. காற்புள்ளி அடித்தார்.

“இரண்டு. ‘யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று அவள் சொன்னாள். உள்ளுக்குள், ஏன் இன்னொரு முறை கேட்கவில்லை என்று கொதித்தாள்.’”

கணக்கு மேடம் ஊதுவதை நிறுத்தினார். சொல்லக்காவுக்கு அப்போதுதான் மூன்றாவது வாக்கியம் நினைவுக்கு வந்தது. ‘கடவுளே’ என்று எழுந்து தாளைப் பிடுங்கப் போனாள், அதற்குள் காற்புள்ளி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

“மூன்று. ‘ஆசிரியர் நாற்காலி எனக்கு வேண்டாம் என்றாள். உள்ளுக்குள், அவள் ஏற்கெனவே அதில் உட்கார்ந்து, மேசையைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.’”

ஆசிரியரம்மா குவளையைக் கீழே வைத்தார். டிரைவரண்ணனுக்கு மட்டும் அது வழக்கமான வெள்ளிக்கிழமையாக இருந்தது.

“யாருங்க அது?” என்றார். “வேணும்னா வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே அந்தப் பொம்பளை?”

கணக்கு மேடம் அவர் காலை மிதித்தார். அண்ணன் திருதிருவென்று விழித்தார். பிறகு சொல்லக்காவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் தேநீருக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்.

“சும்மா எழுதினதுங்க,” என்றாள் சொல்லக்கா. காது மடல் இரண்டும் எரிந்தன. “எடுத்துக்காட்டுதானே. கேள்வி வந்துருச்சு. அடிச்சிருங்க தம்பி.”

காற்புள்ளி சிவப்புப் பென்சிலை எடுத்தார். தாளின் மேல் வைத்தார். அடிக்கவில்லை.

“எனக்குத் தெரியும்க்கா,” என்றார்.

“என்ன தெரியும்?”

“புதன்கிழமையே தெரியும். இத்தனை வருஷமா தினமும் உங்ககிட்ட பிஸ்கட்டை ரெண்டு தடவை நீட்டறவன் நான். முதல் தடவை வேண்டாம்பீங்க, ரெண்டாவது தடவை எடுத்துக்குவீங்க. முதலாளிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இன்னொரு தடவை கேளுங்க சாருன்னு சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.”

அவர் ஒரே மூச்சில் இத்தனை சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. சொல்லக்காவுக்கு முதலில் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இரண்டு நாளாக இந்த ஆள் மனது நோகுமே என்று தான் வாயைக் கட்டிக்கொண்டிருக்க, இவர் எல்லாம் தெரிந்துகொண்டே கல்லுப்பிள்ளையார் மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“ஏன் பார்த்தீங்க?”

“எனக்கும் வேணுமேக்கா,” என்றார் காற்புள்ளி. “அன்னைக்குச் சாயந்தரமே வீட்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிட்டுப் போனேன். என் பொண்ணு அவ சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிட்டா. ஆனா ரெண்டு நாளா அந்த ஸ்வீட் எனக்கு இறங்கவே இல்லை.”

ஆசிரியரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அன்று மாலை முதல் நீச்சல் வகுப்பு. “நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டிய இடம் கீழே ரெண்டாவது மாடி. மூணு மணிக்கு முதலாளி கிளம்பிடுவார். வாக்கியத்தை அடிக்கறதா வேண்டாமான்னு அப்புறமா பார்த்துக்கலாம்.”

சொல்லக்கா எழுந்தாள். தேநீரை அப்படியே வைத்தாள். படிக்கட்டு வரை போனவளுக்குக் கால் நின்றுவிட்டது. போய் என்ன சொல்வது? ‘சார், அன்றைக்கு நான் வேண்டாம் என்றது, வேண்டாம் என்பதற்காக இல்லை’ என்றா? பைத்தியம் என்று நினைக்க மாட்டாரா? ‘அலையறது’ என்று அம்மா சொன்ன குரல் காதுக்குள் கணீரென்று கேட்டது. கேட்டுக் கிடைக்காவிட்டால் அந்த அவமானத்தோடு தினமும் எதிர் மேசையில் உட்கார வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டால், அவமானம் இல்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு நாளே தாங்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. காற்புள்ளியும் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“நீங்க எதுக்கு?”

“நீங்க எனக்கு எதிராப் பேசப் போறீங்க. நான் இல்லாம எப்படி?”

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. இருவரும் சேர்ந்தே கதவைத் தட்டினார்கள்.

முதலாளி பையை மூடிக்கொண்டிருந்தார். சொல்லக்கா உட்காரவில்லை. உட்காருங்கள் என்றால் வேண்டாம் என்று வாய் முந்திக்கொள்ளும், அங்கேயே எல்லாம் கெட்டுவிடும்.

“சார், அந்த ஆசிரியர் வேலை எனக்கு வேணும்.”

சொல்லிவிட்டாள். தலையில் எதுவும் இடிந்து விழவில்லை.

முதலாளி பையின் ஜிப்பைப் பாதியில் விட்டார். “நீங்கதானே மேடம் வேண்டாம்னீங்க?”

“ஆமா சார், சொன்னேன். அது தப்பு. எனக்கு வேணும்.”

“இவருக்குச் சொல்லியாச்சே. சார், உங்களுக்கு?”

“எனக்கும், வேணும், சார்,” என்றார் காற்புள்ளி. பழைய வேகம் திரும்பிவிட்டது.

முதலாளிக்கு இந்த நிலவரம் பிடித்திருந்தது. புதன்கிழமை வேண்டாம் என்று கிடந்த பொருளுக்கு வெள்ளிக்கிழமை இரண்டு பேர் போட்டி போட்டால் எந்த வியாபாரிக்குத்தான் பிடிக்காது? பையைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். “சரி, சொல்லுங்க. எதுக்கு வேணும்? முதல்ல சார் சொல்லட்டும்.”

காற்புள்ளி நேர்மையான மனிதர். யோசித்தார். சம்பளம் கூடும் என்றார். மரியாதை இருக்கும் என்றார். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்றார். வேலையை நன்றாகவே செய்வேன், இப்போது நடக்கிற மாதிரியே நடத்திக்கொண்டு போவேன் என்றார். எல்லாம் சரியான காரணங்கள், ஒன்றும் குறை சொல்ல முடியாது.

“மேடம்?”

சொல்லக்கா ஆரம்பித்தாள். பேருந்தில் யோசித்தது, குளிக்கும்போது யோசித்தது, எல்லாம் மடை திறந்துகொண்டு வந்தது. எந்தப் பொருளை வெட்டுவாள், எந்தச் சொல்லைச் சேர்ப்பாள், அச்செழுத்தை ஏன் ஒரு சுற்றுப் பெரிதாக்க வேண்டும், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் தாள்களைக் கொடுத்து எங்கே விழிக்கிறார்கள் என்று ஏன் பார்க்க வேண்டும், இப்போது போகிற போக்கில் போனால் கடைசி எழுத்து முடிவதற்குள் முதல் எழுத்து எப்படிப் பழசாகிவிடும் என்று சொன்னாள். நடுவில் முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் “இருங்க சார், முடிச்சுடறேன்” என்றாள். அப்படி ஒரு வாக்கியம் தன் வாயில் இருந்தது அவளுக்கே தெரியாது. காற்புள்ளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதெல்லாம் இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்றார் முதலாளி.

“நீங்க கேக்கலையே சார்.”

“புதன்கிழமை கேட்டேனே!”

“ஒரு தடவைதான் கேட்டீங்க.”

முதலாளிக்கு அது சுத்தமாகப் புரியவில்லை. புரியாத விஷயங்களில் அதிக நேரம் தங்குகிற வழக்கமும் அவருக்கு இல்லை. காற்புள்ளியின் பக்கம் திரும்பி, “சார், தப்பா எடுத்துக்காதீங்க. இவங்ககிட்ட சரக்கு இருக்கு. மேடமே பார்க்கட்டும்,” என்றார். “அட்டை நீலந்தான், அதுல மாத்தமில்லை.”

“பச்சை நல்லா இருக்கும் சார்,” என்றாள் சொல்லக்கா.

“மேடம்,” என்றார் முதலாளி, “ஒரே நாள்ல ரெண்டு வேண்டாம்.”

படிக்கட்டில் இருவரும் ஏறினார்கள். சொல்லக்காவுக்குச் சந்தோஷம் நெஞ்சுக்குள் அடங்கவில்லை. பக்கத்தில் வருகிறவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் இனி வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டும், அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் தன் சிநேகிதிகளுக்குச் சொல்ல வேண்டும். பாவத்துக்காகச் சந்தோஷம் கொஞ்சம் குறையும் என்று அவள் எதிர்பார்த்தாள். குறையவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மாடிப்படியின் திருப்பத்தில் காற்புள்ளி நின்றார். அவளும் நின்றாள். மற்ற நாளாக இருந்தால் அவள் இந்நேரம் ‘நீங்களே எடுத்துக்குங்க தம்பி, எனக்கு எதுக்கு’ என்று அவிழ்த்துவிட்டிருப்பாள். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்ததும் உண்மை. அவள் அதை விழுங்கினாள்.

“வாழ்த்துகள்க்கா,” என்றார் அவர். கையை நீட்டினார்.

“நன்றி தம்பி.” அவள் உடனே கையைக் கொடுத்தாள்.

அவர் கையை விடாமல் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். “எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா,” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. “இருக்கும். எனக்கு ரெண்டு நாளா இருந்துச்சு.”

“எனக்கு ஒரு மாசம் ஆகும்னு நினைக்கிறேன்.”

“ஆகட்டும். அப்பப்ப சொல்லுங்க.”

“தினமும் சொல்வேன்,” என்றார் காற்புள்ளி, ஒரு கமாகூட இல்லாமல்.